மாமனார் சிரித்தால் போய்விடும் இன்டர்நெட்

என் மாமனார் நாற்காலி செய்கிறவர். வெறும் நாற்காலி இல்லை, சாய்வு நாற்காலி. பக்கத்தில் இருக்கும் பிடியை இழுத்தால் முதுகு பின்னால் போகும், கால் வைக்க ஒரு பலகை முன்னால் நீண்டு வரும், உட்கார்ந்த ஆள் பாதி படுத்திருப்பார். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவருடைய பட்டறை. வாய் நிறையச் சின்ன ஆணிகளை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். யாராவது வந்து எப்போது கிடைக்கும் என்று கேட்டால் ஆணியைத் துப்பமாட்டார், "ம்ம்" என்பார். எந்த "ம்ம்" நாளைக்கு, எந்த "ம்ம்" நடையைக் கட்டு என்பது வாடிக்கையாளர்களுக்கே அத்துப்படி.

எங்கே போனாலும் மனிதர்களுக்கு முன்னால் நாற்காலியைத்தான் விசாரிப்பார். ஒருமுறை பல் டாக்டரிடம் மாமியாரை அழைத்துப் போனார். உள்ளே மாமியாருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே இவர் காத்திருக்கப் போட்டிருந்த நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, தரையில் உட்கார்ந்து அதன் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் பதறிப்போய் என்னவென்று கேட்க, "நாலு ஸ்குரூ போடவேண்டிய இடத்துல ரெண்டுதாம்மா போட்டிருக்கான்" என்றாராம், சொந்தக்காரருக்கு வியாதி கண்ட குரலில்.

பெண் கேட்டு நான் முதன்முதலாகப் போனபோதும் என் படிப்பைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை. நான் உட்கார்ந்த லட்சணத்தைத்தான் பார்த்தார். பயத்தில் நுனியில் உட்கார்ந்திருந்தேன். "நல்லா சாய்ஞ்சு உட்காருங்க தம்பி. சாயாத ஆளை எப்படி நம்பறது?" என்றார். சாய்ந்தேன். பெண்ணைக் கொடுத்துவிட்டார். கூடவே வீட்டோடு மாப்பிள்ளை என்கிற உத்தியோகத்தையும் கொடுத்துவிட்டார்.

அந்த உத்தியோகத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட இலாகா, இன்டர்நெட். நான் பஸ் டிப்போவில் டிரைவர்களின் டியூட்டி அட்டவணையை டைப் செய்கிறவன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறவனுக்கு இன்டர்நெட் தெரியாமல் இருக்குமா என்பது மாமியாரின் வாதம். தெரியாது என்று சொன்னால், "மாப்பிள்ளைக்கு அடக்கம்" என்று அதையும் பாராட்டிவிடுவார். நான் என்ன செய்ய.

மாமனாருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் என் மனைவி. சின்னவள் கல்யாணமாகி, விமானம் ஏறிப் போகவேண்டிய தூரத்தில் இருக்கிறாள். அவருக்கு உயிர் என்றால் சின்னவள்தான். பட்டறையில் பஞ்சு மூட்டை மேல் தூங்கி வளர்ந்த பெண். அப்படிப்பட்டவள் அங்கே புது வீடு பார்த்துக் குடி போனதும் முதல் காரியமாகக் கடையில் ஒரு சோபா வாங்கிவிட்டாள். அட்டைப்பெட்டியில் பிரித்து மடித்து வருகிற சோபா. கணவரும் இவளுமாகத் திருகி மாட்டி, அதன் மேல் உட்கார்ந்தபடி, தெருமுனையில் என் போனைப் பிடித்து நின்ற அப்பாவுக்கு வீடியோவில் காட்டினாள்.

மாமனார் பார்த்தார். "பெட்டில வர்றதுக்குப் பேரு செருப்பு" என்றார்.

"வேற என்னப்பா பண்றது? உங்க நாற்காலியைக் கப்பல்ல ஏத்தச் சொல்றீங்களா?"

"ஏத்தினா என்ன? நாற்காலிக்காரன் பொண்ணு கடைல சோபா வாங்கினாள்னு ஊரே சிரிக்கும்."

"இங்க யாருக்கும் உங்களைத் தெரியாதுப்பா."

இந்த ஒரு வார்த்தைதான். அதுவும் உண்மையான வார்த்தை. மாமனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார், அவளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், பதிலுக்கு அவளும் தூக்கி வைத்துக்கொண்டாள். வருடக்கணக்கில் பேச்சு இல்லை. "உன் புருஷன்கிட்ட சொல்லு" என்று அவளும், "உன் பொண்ணுகிட்ட சொல்லு" என்று இவரும் சொல்ல, மாமியார் நடுவில் கிடந்து தபால்காரர் வேலை பார்த்தார்.

கடைசியில் மாமியார் சாப்பிடாமல் படுத்து, அழுது, இரண்டு பக்கமும் மிரட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் வீடியோவில் பேசுவது என்று ஒப்பந்தம் போட்டார். அதற்காகவே வீட்டுக்குள் இன்டர்நெட் லைன் இழுத்தோம். எங்கள் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் உயரக் கட்டடங்கள். உள்ளே செல்போனில் ஹலோ சொன்னால் 'ஹ' மட்டும்தான் போகும். பேசவேண்டும் என்றால் தெருமுனை சலவைக் கடை வாசலுக்குப் போகவேண்டும். சலவைக்காரர் முன்னால் இனி பெண்ணோடு பேசமாட்டேன் என்று மாமனார் சொல்லிவிட்டார்.

முதல் ஞாயிறு. ஹாலில் மாமனாரின் நாற்காலி, எதிரே ஸ்டூலில் சாய்த்து வைத்த டேப்லெட். இருவரும் முதலில் வானிலை அறிக்கை வாசித்தார்கள். அங்கே குளிரா, இங்கே வெயில். பிறகு மெல்ல பட்டறைக் கதை வந்தது. ஒரு பருமனான வாடிக்கையாளர் நாற்காலியைச் சோதித்துப் பார்க்கச் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போய், கடை சாத்தும்வரை எழுந்திருக்காததை மாமனார் சொல்ல, சின்னவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நிமிடம் படம் உறைந்து, சின்னவள் வாயைத் திறந்தபடி சிலையாகி, லைன் போய்விட்டது.

"வச்சிட்டா பாத்தியா" என்றார் மாமனார். முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் லைன் தானாக வந்தது. அதற்குள் அவர் பட்டறைக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறும் இதே கதை. அதற்கடுத்ததும். பேச்சு இனிக்க ஆரம்பித்தால் லைன் அறுந்துவிடும். அங்கே சின்னவளோ, அப்பாதான் வேண்டுமென்று கட் பண்ணுகிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். லைன் கோளாறு என்று நான் தெருமுனையில் நின்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"யாருகிட்ட கதை விடறீங்க அத்தான்? சண்டை போடறப்போ மட்டும் உங்க லைன் கல்லு மாதிரி நிக்குது. சிரிச்சா உடனே போயிடுதா? எங்கிட்ட சிரிச்சிட்டா அவர் தோத்த மாதிரி ஆயிடும். அதான் வச்சிடறார்."

லைனைப் பற்றி அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. சோபா பேச்சு வந்து இருவரும் கத்திக்கொண்ட ஞாயிறுகளில் லைன் ஒரு இம்மி அசையவில்லை.

இலாகா பொறுப்பாளர் என்ற முறையில் களத்தில் இறங்கினேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். அதை டிவி மேஜையிலிருந்து அலமாரி உச்சிக்கு ஏற்றினேன். அதன் இரண்டு கொம்புகளையும் இப்படியும் அப்படியும் திருப்பினேன். பாஸ்வேர்டை மாற்றினேன், எதற்கு என்று எனக்கே தெரியாது, ஆனால் மாற்றிய பிறகு ஏதோ செய்த திருப்தி. புகார் எண்ணுக்கு அடித்தால் ஒரு பெண் குரல் என் பொறுமைக்கு நன்றி சொன்னது. இல்லாத பொருளுக்கு நன்றி வாங்கிக்கொண்டு, மறுபடியும் ரூட்டரை அணைத்துப் போட்டேன்.

டெக்னீஷியன் வந்தார். மாமனார் அவரை நிற்கவைத்துப் பேசுவாரா? தன் நாற்காலியையே காலி செய்து கொடுத்தார். அந்த நாற்காலி அவர் செய்ததிலேயே தலைசிறந்தது, விற்க மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்தது. டெக்னீஷியன் அவசரக்காரர். நுனியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துத் தட்டிப் பார்த்தார்.

"லைன் சூப்பரா இருக்கு சார்."

"நாங்க பேசினாதான் போகுது" என்றேன்.

"என்ன பேசறீங்க?"

"சந்தோஷமாப் பேசினா போகுதுங்க" என்றார் மாமியார்.

டெக்னீஷியன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பினார். "சாய்ஞ்சுகூட பாக்கலியே தம்பி" என்று மாமனார் வாசல்வரை போய் ஆதங்கப்பட்டார்.

மாமியார் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சண்டை போட்டால் லைன் நிற்கிறது, அப்படியென்றால் சண்டை போடவேண்டியதுதான். இது என்ன பேத்தல் என்று கேட்டேன். "நீங்களே பாருங்க மாப்பிள்ளை, ராத்திரி சாப்பாட்டுக்கு எழுந்து வாங்கன்னு நான் இவரோட கத்தறப்பதான் உங்க பொண்டாட்டி, நெட் வந்துடுச்சுன்னு சொல்றா" என்றார். யோசித்தேன். அதுவும் சரியாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் நம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை சுற்றுகிறது. மாமியார் சமையலறை வாசலில் நின்றுகொள்வார். பேச்சில் கொஞ்சம் சர்க்கரை கூடினால் போதும், அங்கிருந்தே ஒரு கல்லை விட்டெறிவார்.

"அடியே, உன் சைக்கிளை உங்கப்பா பழைய இரும்புக்குப் போட்டுட்டார்டி."

"எந்தச் சைக்கிளை? அப்பா, என்னைக் கேக்காம எப்படிப் போட்டீங்க?"

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்து மல்லுக்கு நிற்பார். லைன் ஜம்மென்று ஓடும். மாமியார் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார். சரக்கு தீர்ந்துபோனால் என் மனைவி எடுத்துக் கொடுப்பாள். அவளும் தீர்ந்தால் என்னை முன்னால் தள்ளுவார்கள். சின்னவளின் சமையலைப் பற்றி நான் இரண்டு வார்த்தை சொல்லவேண்டியதாயிற்று. அந்தப் பெண் சமைத்து நான் சாப்பிட்டதே கிடையாது.

ஆனால் பொய்க்குப் போட்ட சண்டையில் நிஜ வலி ஏறத் தொடங்கியது. ஒருநாள் சின்னவள் தன் அக்காவிடம் தனியாகச் சொல்லியிருக்கிறாள். "அவருக்கு எங்கூட சண்டை போட மட்டும்தான் பிடிக்குது. என்னால முடியலக்கா. இந்த ஞாயித்துக்கிழமையோட நிறுத்திக்கறேன்." என் மனைவி இதைச் சொன்னதும் மாமியார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமனாரிடமும் சொன்னோம். அவர் பட்டறையில் ஆணி எதுவும் வாயில் இல்லாமலே "ம்ம்" என்றார். எனக்குத் தெரிந்து யாருக்கும் புரியாத "ம்ம்" அது ஒன்றுதான்.

அந்த ஞாயிறு வந்தது. யாரும் கல்லெறியவில்லை. மாமியார் சமையலறைக்குள்ளேயே போகவில்லை. மாமனார் முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, பரீட்சை எழுத வந்தவர் போல் உட்கார்ந்திருந்தார். லைன் அசையாமல் நின்றது. இருவரும் மறுபடி வானிலை அறிக்கை வாசித்தார்கள்.

சின்னவள்தான் இறங்கி வந்தாள். "அப்பா, உங்களுக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்லவா? அந்தச் சோபா உடைஞ்சிடுச்சு."

"என்னது?"

"நேத்து இவர் உக்காந்தார். ஒரு பக்கம் ஸ்பிரிங் விட்டுடுச்சு. மனுஷன் பாதி மேல, பாதி உள்ள. கைல இருந்த காபியோட."

மாமனாருக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு ஒரு பெரும் சிரிப்பு வெடித்தது, அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பிடியைப் பிடித்து இழுத்து மொத்த உடம்போடு பின்னால் சாய்ந்தார். மூக்குக்கண்ணாடி எகிறித் தரையில் விழுந்து நாற்காலிக்கு அடியில் ஓடியது. டேப்லெட்டில் சின்னவள் பாதிச் சிரிப்பில் உறைந்தாள். லைன் போயிற்று.

சமாதானத்துக்கு வந்த பெண்ணைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்து, முகத்தில் அடித்த மாதிரி போனை வைத்தாயிற்று. அங்கே அப்படித்தான் தெரிந்திருக்கும். "நான் வைக்கலடி" என்றார் மாமனார், கறுத்துப்போன டேப்லெட்டிடம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் கண்ணாடியையாவது எடுப்போம் என்று நாற்காலிக்கு அடியில் தலையை விட்டேன். உள்ளே கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரியும் இரும்புக் கைகள். பின்பக்கத்துக் கை ஒன்று கம்பளத்தில் பதிந்து நின்றது. அது பதிந்த இடத்தில் கம்பளம் ஒரு கோடாகப் புடைத்திருந்தது. லைன் இழுத்த அன்று, ஒயர் கண்ணில் படவே கூடாது என்று மாமியார் பிடிவாதம் பிடித்து அதைக் கம்பளத்துக்கு அடியில் ஓடவிட்டது நினைவுக்கு வந்தது. உள்ளே மெல்லிய கண்ணாடி நார் ஓடும் ஒயர். மடங்கினால் வேலை செய்யாது என்று லைன் போட்டவர்கள் அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னார்கள்.

"மாமா, கொஞ்சம் நிமிருங்க" என்றேன் தரையிலிருந்தே.

நிமிர்ந்தார். சற்று நேரத்தில், "பச்சை" என்றாள் அலமாரிப் பக்கம் ரூட்டர் விளக்கைப் பார்த்து நின்ற என் மனைவி.

"இப்ப சாயுங்க."

"சிவப்பு."

"நிமிருங்க."

"பச்சை."

"சாயுங்க." "சிவப்பு." "நிமிருங்க." "பச்சை." மாமியாருக்கு நம்பிக்கை வராமல் அவரே உட்கார்ந்து சாய்ந்தார். சிவப்பு. என்னை உட்காரவைத்தார்கள். எனக்கும் சிவப்பு. இத்தனை நாள் சாய்ந்து டிவி பார்த்த ராத்திரிகள், சாப்பிடக் கூப்பிட்டு மாமியார் எழுப்பிவிட்ட சண்டைகள், எல்லாம் வரிசையாக வந்து எங்கள் முகத்தில் விழுந்தன.

மாமனார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒயர்தான் வழில வந்து படுத்திருக்கு. நாற்காலி என்ன பண்ணும்?"

"உங்க நாற்காலிதான்பா அழுத்துது" என்றாள் என் மனைவி.

"நான் செஞ்ச நாற்காலி இதுவரைக்கும் ஒரு ஈ எறும்பை நசுக்கினதில்ல."

"சரி. இதையே சின்னவகிட்ட சொல்லுங்க. ஒயர் வந்து படுத்துக்கிச்சுன்னு சொல்லுங்க. நம்புவாளா பாப்போம்."

சின்னவள் டேப்லெட் அழைப்பை எடுக்கவில்லை. மாமியார் கூப்பிட்டும் எடுக்கவில்லை. மாமனார் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதன் முதுகைத் தட்டினார். அப்புறம் வீட்டுச் செருப்போடு படியிறங்கி, "வாங்க மாப்பிள்ளை" என்று தெருமுனைக்கு நடந்தார்.

சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். என் போனில் அடித்தேன். எடுத்தாள்.

"அத்தான், அவரைப் பத்திப் பேசறதா இருந்தா வச்சிடறேன்."

போனை மாமனாரிடம் கொடுத்தேன். தெரு அமைதியாக இருந்ததால் அவள் குரல் எனக்கும் கேட்டது, சலவைக்காரருக்கும் கேட்டது.

"நான்தான்" என்றார். அவள் வைக்கவில்லை. அவர் தொண்டையைக் கனைத்தார், சலவைக் கடைப் பலகையைப் படித்தார், வானத்தைப் பார்த்தார். "நாற்காலிதான் ஒயரை நசுக்கிச்சு."

"எந்த நாற்காலி?"

"நம்ம வீட்டு ஹால்ல எந்த நாற்காலி இருக்கு?"

"உங்க நாற்காலியா? நீங்க செஞ்சதா?"

"ஆமா."

"அதுமேலயா தப்பு?"

"ஆமான்னு சொல்றேன்ல. சாய்ஞ்சா ஒயர் மடங்குது. லைன் போயிடுது. நான் ஒரு நாளும் வைக்கல."

"அதெப்படிப்பா," என்றாள், குரல் ஒரு மாதிரி ஆகியிருந்தது, "சண்டை போடறப்போ எல்லாம் நல்லா இருந்துச்சே. நான் சிரிக்கிறப்போ மட்டும்தானே போச்சு?"

"நீ சிரிச்சாதானேம்மா எனக்குச் சாயணும்போல இருக்கும்."

சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியை எடுத்து, ஏற்கெனவே தேய்த்து மடித்த சட்டையையே மறுபடி தேய்த்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போனில் வந்த சத்தம் அழுகையா சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. மாமனார் மட்டும் "ம்ம், ம்ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒயரைச் சுவரோரமாக மாற்றிவிட்டோம். கண்ணில் நன்றாகவே படுகிறது, மாமியார் இப்போது வாய் திறப்பதில்லை. அடுத்த ஞாயிறு மாமனார் முதல் வேலையாக, "அந்தச் சோபாவைக் கவுத்துக் காட்டு" என்றார். சின்னவளும் கணவரும் அதைப் புரட்டிப் போட்டு, அடித்துணியைக் கிழித்து, போனை உள்ளே நீட்டினார்கள். மாமனார் டேப்லெட்டுக்கு மூக்கு உரசுகிற தூரத்தில் குனிந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சத்தமே இல்லை.

"அப்பா? போச்சா? அத்தான், லைன் போயிடுச்சா?"

நான் பாய்ந்து போய் ரூட்டரைப் பார்த்தேன். பச்சை. மாமியார் ஓடிப்போய் ஒயரைத் தடவினார். ஒன்றும் ஆகவில்லை. லைன் நன்றாகத்தான் இருந்தது, மனிதருக்குத்தான் வாய் வரவில்லை.

"ஒரு கொக்கிதான் கழண்டிருக்கு. மாட்டிடலாம்" என்றார் கடைசியில். பிறகு யாருக்காகவோ தண்டனை அனுபவிக்கிறவர் போல், "நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றார்.

சின்னவள் மெதுவாக, "என்னப்பா சொன்னீங்க? சரியாக் கேக்கல" என்றாள். அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"லைன் சரியில்லை போல" என்று சொல்லிவிட்டு மாமனார் விரலை நீட்டி அழைப்பைத் துண்டித்தார். முதல்முறையாக, உண்மையாகவே அவர் கையால்.

மாமியார் தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினார். அது தலைக்குப் போய்ச் சேருவதற்குள் டேப்லெட் மணி அடித்தது. சின்னவள்தான். இத்தனை ஞாயிறுகளில் லைன் அறுந்தபின் அவள் திரும்பக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் பிடியை இழுத்துக் காலை நீட்டி நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சுப்பா. இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார்.